நாவுக்குத் திரும்பும் சொல்: பக்கவாதத்துக்குப் பிந்தைய பேச்சு மீட்பும் தில்லை வட்டாரமும்

முன்னுரை

கடலூர், சிதம்பரம் பக்கத்தில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்தால், "கை காலு விளங்கல, பேச்சும் போயிடுச்சு" என்பார்கள். 'பேச்சு போயிடுச்சு' என்பதில் இரண்டு வெவ்வேறு இழப்புகள் அடங்கியிருக்கின்றன. நாக்கும் உதடும் தளர்ந்து பேச்சு குழறுவது ஒன்று. மூளையின் மொழிப்பகுதி பழுதுபட்டுச் சொல்லே அகப்படாமல் போவது மற்றொன்று. இதுவே அஃபேசியா எனும் பேச்சிழப்பு. பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது நேர்கிறது. போன பேச்சு திரும்புவதை முதலில் அருளாகவும், பிறகு மூளையின் கூறாகவும், இறுதியில் இருவர் சேர்ந்து செய்யும் பயிற்சியாகவும் மனிதர்கள் புரிந்துகொண்ட வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

அருளால் வந்த பேச்சு

பேச்சு மீட்பின் பழைய நினைவொன்று தில்லை எனும் சிதம்பரத்திலேயே உண்டு. மாணிக்கவாசகர் ஈழத்துப் பௌத்தர்களோடு வாதிட்டபோது, ஈழ மன்னனின் ஊமைப் பெண் வாய் திறந்து அவர்களின் வினாக்களுக்கு விடை சொன்னாள் என்று திருவாதவூரடிகள் புராணம் கூறுகிறது. அந்த வினாவிடையே திருவாசகத்தின் திருச்சாழல் என்பது மரபு. சாழல் மகளிர் விளையாட்டு. ஒருத்தி கேட்க, மற்றவள் சொல்வாள். இது வரலாற்றுச் சான்றன்று. ஆனால் ஒருவர் கேட்க ஒருவர் பதில் சொல்வதாகவே பேச்சின் வருகையை அந்த மரபு கண்டிருக்கிறது என்பது கருதத்தக்கது.

இடமும் இசையும்

1861இல் பாரிசில் பால் புரோக்கா, 'டான்' என்ற ஓரசையை மட்டுமே சொல்லக்கூடிய நோயாளி ஒருவர் இறந்தபின் அவர் மூளையை ஆராய்ந்தார். இடப்பக்க முன்மடலில் சிதைவைக் கண்டார். சரளமாகப் பேசினாலும் பொருள் கூடாத, பிறர் சொல்வதும் விளங்காத வகையைக் கார்ல் வெர்னிக்கே 1874இல் விளக்கினார். பழுது எங்கே என்பது இவ்வாறு தெளிவாயிற்று. சீராக்கும் வழியை முறையாகத் தேடியவர்களுள் முதன்மையானவர் சோவியத் அறிஞர் அலெக்சாந்தர் லூரியா. இரண்டாம் உலகப் போரில் தலையில் காயம்பட்ட வீரர்களுக்குப் பயிற்சி அளித்த அவர், பழுதுபடாத திறன்களைக் கொண்டு இழந்த செயலை வேறு வழியில் கட்டியெழுப்பலாம் என்று காட்டினார்.

பாட்டு அப்படிப்பட்ட ஒரு வழி. பேச்சிழந்தும் தேவாலயப் பாடல்களைப் பாடிய ஒருவரை 1745இலேயே ஸ்வீடனின் உலோஃப் தாலின் பதிவு செய்திருந்தார். 1973இல் பாஸ்டனில், பாட்டைக் கொண்டு பேச்சை மீட்கும் இசையொலிப் பயிற்சி முறை உருவானது. ராகத்தைவிடத் தாளமும், மனப்பாடமான சொற்களும்தான் துணைபுரிகின்றன என்று 17 நோயாளிகளை வைத்துச் செய்த ஜெர்மானிய ஆய்வு 2011இல் காட்டியது. தேவாரம் காதில் ஊறிய ஊருக்கு இம்முடிவு மிக நெருக்கமானது. ஆனால் பதிகம் பாட வந்துவிட்டதாலேயே பேச்சு மீண்டதாகாது. 'தண்ணி வேணும்' என்பதைத் தன் விருப்பமாகச் சொல்லும் நிலைக்கு அந்தத் தாளத்தைக் கொண்டுவர வேண்டும்.

தமிழுக்கான பயிற்சி

மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் 1965இல் தொடங்கியபின் இத்துறை இந்தியாவில் வேர்கொண்டது. ஆனால் ஆய்வுலகில் தமிழுக்குக் கிடைத்த இடம் குறைவு. இலக்கணம் சிதைந்த பேச்சைப் பற்றி 1990இல் வெளியான பன்மொழித் தொகுப்பின் 14 மொழிகளில் இந்தி உண்டு. திராவிட மொழி ஒன்றுகூட இல்லை.

இது சிறிய குறையன்று. ஆங்கில வினையில் ஈறு உதிர்ந்தாலும் எஞ்சுவது பெரும்பாலும் ஒரு சொல்லாகவே நிற்கும். 'வந்தாள்' என்பதில் ஈற்றை எடுத்தால் எஞ்சும் 'வந்த்' சொல்லாகாது. எனவே தமிழரின் தவறு, 'அம்மா வந்தான்' என ஈறு மாறிய வடிவில் வெளிப்படக்கூடும். பயிற்சி அட்டையில் 'வருகிறார்கள்' என்றிருக்கும். வீட்டில் சொல்வதோ 'வராங்க'. நோயாளிக்கு முதலில் வேண்டியது வீட்டுச் சொல்லே.

பயிற்சி நடக்கும் விதத்தைப் பாருங்கள். சாவியைக் காட்டினால் அவர் "பூட்டு" என்பார்; தவறென்று உணர்ந்து தலையசைப்பார். "பூட்டைத் திறக்க என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் "சா..." என்று முதலசையை எடுத்துக்கொடுக்க வேண்டும். "சாவி!" என்று அவர் முகம் மலரும் கணத்தில், அறிவு எங்கும் போகவில்லை, அதற்குச் செல்லும் பாதைதான் அடைபட்டிருந்தது என்பது விளங்கும்.

இத்தகைய தமிழ்ப் பயிற்சிக்கு வேண்டியவை சிதம்பரத்தில் அருகருகே இருக்கின்றன. 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், தெ.பொ.மீனாட்சிசுந்தரனார், ச.அகத்தியலிங்கம் போன்றோர் வளர்த்த மொழியியல் துறை உண்டு. இசைக் கல்வி மரபு உண்டு. 1985இல் அங்கே தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, 2021இல் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று. மொழியியலாரும் இசையாசிரியரும் மருத்துவரும் சேர்ந்து, இவ்வட்டாரப் பேச்சுத்தமிழில் பயிற்சிக் கருவிகளை உருவாக்க வேண்டும்.

முடிவுரை

பேச்சுப் பயிற்சி பயன் தருகிறது என்பதை 57 சோதனைகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு உறுதிசெய்தது. பக்கவாதம் வந்து 6 மாதம் கடந்தவர்களும், 3 வாரத் தீவிரப் பயிற்சியால் முன்னேறினார்கள் என்று 156 பேரிடம் நடந்த ஜெர்மானிய ஆய்வு 2017இல் நிறுவியது. 'இனி அவ்வளவுதான்' என்று கைவிடுவதற்கு அறிவியலில் இடமில்லை. தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைப் பயிற்சி வீட்டுக்கே வருகிறது. பேச்சுப் பயிற்சியும் அதே வாசற்படி ஏற வேண்டும். அதுவரை வீட்டார் செய்யக்கூடியது ஒன்றுண்டு: நோயாளிக்காகத் தாங்களே பதில் சொல்லிவிடாமல், கேட்டுவிட்டுக் காத்திருப்பது. சாழலிலும் விடை சொல்ல ஒருத்தி இருந்ததுபோல், கேட்க ஒருத்தி இருந்தாள்.