கொண்ட: ஒரு வெற்றிச் சொல்லின் வரலாறு

கங்கைகொண்ட சோழபுரம் என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பெயரின் நடுவே நிற்கும் 'கொண்ட' என்ற பெயரெச்சத்துக்குத் தனி வரலாறு உண்டு. ஒரு போர் தன் பக்கம் தீர்ந்துவிட்டது என்று தமிழக மன்னர்கள் கல்லில் அறிவித்த சொல் அது. உண்மையில் தீர்ந்ததா என்பதையும் கல்வெட்டுகளே காட்டிக்கொடுக்கின்றன.

இந்தச் சொல் முதலில் மாட்டோடுதான் சேர்ந்து வந்தது. பகைவரின் ஆநிரையைக் கவர்வது 'ஆகோள்'. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த தமிழி நடுகல் ஒன்றிலேயே இச்சொல் இருக்கிறது. பல்லவர் காலத்துச் செங்கம் வட்டார நடுகற்களில் 'தொறுக்கொண்ட' என்று வரும். தொறு என்றால் மாட்டு மந்தை. கூடவே 'மீட்டு', 'பட்டான்' என்ற சொற்களும் வரும். ஒருவன் கொண்டான், மற்றொருவன் மீட்டான், மீட்கப் போன இடத்தில் உயிரையும் விட்டான். கொண்டதை மீட்க ஆள் வருவான் என்பது இச்சொல்லின் கூடப்பிறந்த பொருள்.

சோழர் காலத்தில் மந்தை இருந்த இடத்துக்கு மாநகரம் வந்தது. முதலாம் பராந்தகன் 'மதுரை கொண்ட கோப்பரகேசரி' ஆனான். இலங்கைப் படையின் துணையோடு எதிர்த்த பாண்டியன் இராசசிம்மன் வெள்ளூரில் தோற்றான். பராந்தகனின் பட்டம் பிறகு 'மதுரையும் ஈழமும் கொண்ட' என்று நீண்டது. மதுரை கிடைத்தது; பாண்டியரின் மணிமுடி கிடைக்கவில்லை. இராசசிம்மன் அதை இலங்கையில் விட்டுவிட்டுச் சேரநாட்டுக்குப் போய்விட்டான். பராந்தகன் படை அனுப்பியும் முடி உரோகணக் காடுகளுக்குள் மறைந்தது. பல பத்தாண்டுகள் கழித்து முதலாம் இராசேந்திரன் அதைக் கைப்பற்றியதை அவன் மெய்க்கீர்த்தி தனியாக எடுத்துச் சொல்கிறது.

பராந்தகனின் கடைசிக் காலத்தில் காற்று திசைமாறியது. 949இல் தக்கோலத்தில் இராட்டிரகூடர் படையோடு பொருத இளவரசன் இராசாதித்தன் யானைமேலேயே மாண்டான். இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் பட்டம், 'கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்'. கச்சி மெய்தான்: தொண்டை மண்டலத்தில் அவன் ஆட்சியாண்டைப் போட்டுத் தானங்களைப் பதிந்த கல்வெட்டுகள் பல உண்டு. தஞ்சை வட்டாரத்தில் அப்படிக் கிடைப்பதில்லை. ஒரே பட்டத்தில் ஓர் ஊர் உண்மை, மற்றோர் ஊர் ஆசை. தக்கோலத்துக்கு 24 ஆண்டு கழித்து, 973இல், சாளுக்கியன் தைலபனிடம் இராட்டிரகூட அரசே விழுந்தது.

அந்த நூற்றாண்டிலேயே 'தலைகொண்ட' என்ற கொடூரமான வடிவமும் வருகிறது. பாண்டியன் ஒருவன் தன்னைச் 'சோழன் தலைகொண்ட வீரபாண்டியன்' என்று பொறித்துக்கொண்டான். எந்தச் சோழன் என்று அப்பட்டம் பெயர் சொல்லவில்லை. சேவூரில் பாண்டியரோடு நடந்த போருக்குப் பின் சோழ இளவரசன் இரண்டாம் ஆதித்தன் 'வீரபாண்டியன் தலைகொண்ட கோப்பரகேசரி' ஆனான். இரு தரப்புக்கும் ஒரே சொல். ஆனால் பாண்டிநாடு சோழர் ஆட்சியில் நிலைத்தது 985இல் பட்டமேறிய முதலாம் இராசராசன் காலத்தில்தான். 'இராசராசப் பாண்டிநாடு' என்று நாட்டின் பெயரே மாறியது. ஒரு தலை விழுந்ததைவிட இது கனத்த சான்று.

இராசேந்திரனின் 'கங்கை கொண்ட' இன்னொரு வகை. வடக்கே போன படை அங்கே நிலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை; நீர் கொண்டுவந்தது. அந்த வெற்றியின் நினைவாகச் சோழகங்கம் என்ற ஏரி எழுந்தது.

இச்சொல்லின் நேர்மையான பயன்பாட்டைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் காண்கிறேன். 'மதுரையும் பாண்டியன் முடித்தலையும் கொண்டருளிய' என்று பெயர் போட்ட மூன்றாம் குலோத்துங்கன், முதுமையில் பாண்டியனிடம் தோற்றான். 1216இல் அரியணை ஏறிய முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரித்தான். ஆயிரத்தளியில் வீராபிஷேகம் செய்துகொண்டான். 'சோணாடு கொண்டருளிய' என்பது அவன் பட்டம். ஆனால் கன்னட நாட்டுப் போசள மன்னர்கள் சோழனுக்குத் துணைநின்றார்கள். குலோத்துங்கன் பொன்னமராவதிக்கு வந்து பணிந்ததும் நாடு திரும்பக் கொடுக்கப்பட்டது. அதையும் பாண்டியன் பட்டமாக்கினான்: 'சோணாடு வழங்கியருளிய'. கொண்டதும் கொடுத்ததும் ஒருவன் பெயரிலேயே பதிவாயின. சோழ அரசு முற்றாக மறைய 1279 வரை ஆயிற்று.

எனவே 'கொண்ட' என்று படித்தவுடன் போர் தீர்ந்தது என்று எழுதிவிடக் கூடாது. கொண்டதாகச் சொன்ன ஊருக்குப் போய், அங்கே கோயில் விளக்குக்கு ஆடு விட்டவர் யாருடைய ஆட்சியாண்டைக் கல்லில் போட்டார், எத்தனை ஆண்டுகள் போட்டார் என்று பார்க்க வேண்டும். களத்தில் நின்றவன் தன் வெற்றியை அறிவித்தான். அதற்குச் சான்று தர வேண்டியவர்கள் அந்த ஊரார்தான்.