விசித்திர விமானங்களும் மறைக்கப்பட்ட உழைப்பும்: ஜேர்மனியின் இறுதிக்காலப் போர்விமானங்கள் பற்றிய ஒரு நோக்கு

1

படைத்துறை விமானங்களின் வரலாற்றைப் பயில்வோரிடையே ஒரு தனிவகை ஆர்வம் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. போரிற் பெருமளவு பயன்பட்டு அதன் போக்கை நிர்ணயித்த விமானங்களைக் காட்டிலும், ஒன்றிரண்டு மட்டுமே கட்டப்பட்டவை, பரிசோதனை நிலையிலேயே கைவிடப்பட்டவை, வரைபடத்தாளைத் தாண்டி வெளிவராதவை ஆகியனவே இவ்வார்வலரைப் பெரிதும் கவர்கின்றன. வாலில்லாத விமானம், விமானியின் கூடு ஒருபுறமாக ஒதுங்கிநிற்கும் விமானம், நிலத்திலிருந்து செங்குத்தாக எழும் விமானம் என இவற்றின் தோற்றமே வியப்பூட்டுவதாகும். இவை பற்றிப் படங்களுடன் கூடிய நூல்களும் சஞ்சிகைகளும் வெளிவந்துள்ளன; இவற்றின் சிறுவடிவங்களை ஒட்டிச் சேர்ப்பதற்கான பிளாஸ்ரிக் துண்டுகள் பெட்டிகளில் விற்பனையாகின்றன. இவ்வார்வத்தின் மையமாக விளங்குவது 1944, 1945ஆம் ஆண்டுகளின் ஜேர்மனியாகும்.

இதனை வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. ஒரு பொருளின் வடிவத்தைக் கண்டு வியப்பதும், அது இயங்கும் விதத்தை அறிய விழைவதும் மனிதனின் நல்லியல்புகளே. ஆயின், இலக்கியத்தில் உள்ளடக்கத்தினின்றும் பிரித்தெடுத்து உருவத்தை மாத்திரம் போற்றுவோரை நாம் உருவவாதிகள் என்கின்றோம். தொழினுட்ப வரலாற்றிலும் அத்தகையதோர் உருவவாதம் உண்டு. இவ்விமானங்கள் ஏன் அவ்வடிவத்தைப் பெற்றன, யாருடைய கைகள் அவற்றைக் கட்டின என்னும் இரு வினாக்களையும் எழுப்பாது அவற்றை மேதைகளின் கற்பனைப் படைப்புகளாக மட்டும் காண்பதே அவ்வுருவவாதமாகும். அவ்விரு வினாக்களுக்கும் விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

விமானத்தை அழகுப்பொருளாகக் கொண்டாடும் மனப்பாங்கிற்கும் ஒரு வரலாறு உண்டு. இத்தாலியக் கவிஞரான மரினெத்தி 1909 பெப்ரவரியிற் பாரிஸ் நகரின் ‘லெ ஃபிகாரோ’ நாளிதழில் எதிர்காலவாத அறிக்கையை வெளியிட்டார். இயந்திரத்தையும் வேகத்தையும் போற்றிய அவ்வறிக்கை போரையும் உடன்சேர்த்தே போற்றியது. 1929இல் எதிர்காலவாதிகள் வான்பயணக் காட்சியையே பொருளாகக் கொண்ட ஓவிய இயக்கமொன்றை அறிவித்தனர். அதற்குள் மரினெத்தி முசோலினியின் ஆட்சியோடு ஒன்றிவிட்டார். எதியோப்பியா மீது இத்தாலி தொடுத்த போரை அழகெனப் புகழ்ந்த அவரது எழுத்தை முன்வைத்தே, 1936இல் வெளிவந்த கலை பற்றிய தமது கட்டுரையின் முடிவில் வால்ற்றர் பென்யமின், பாசிசம் அரசியலை அழகியலாக்குகின்றது என்னும் கருத்தை நிறுவினார். உடைமை உறவுகளை மாற்றாது வைத்துக்கொண்டு, அவற்றால் நசுக்கப்படும் மக்களுக்குக் கண்கவர் காட்சியை அளிப்பது அவ்வரசியலின் இயல்பு.

விசித்திர விமானங்களில் ஈடுபடுவோர் யாவரும் பாசிசச் சார்பினர் என்பது இதன் பொருளன்று. அவர்களுட் பெரும்பாலோர் அதனை வெறுப்பவர்களே. ஆனால், ஒருவரது அரசியல் நம்பிக்கையும் அவர் ஒரு பொருளை நோக்கும் முறையும் எப்போதும் ஒன்றுபட்டிருப்பதில்லை. பாசிசத்தை எதிர்க்கும் ஒருவர் அது தயாரித்த பொருளைப் பாசிசம் காட்ட விரும்பிய கோணத்திலிருந்தே காண்பது சாத்தியமாகும். இது மனங்கொள்ளத்தக்கது.

3

முதலாவது வினாவை எடுத்துக்கொள்வோம். 1944 மே மாதத்திலிருந்து நேசநாட்டு விமானங்கள் ஜேர்மனியின் செயற்கை எரிபொருள் ஆலைகளைத் தொடர்ந்து தாக்கின. அவ்வாண்டு ஏப்ரலில் ஏறத்தாழ 175,000 தொன்னாக இருந்த விமான எரிபொருள் உற்பத்தி, செப்டெம்பரில் ஏறத்தாழ 5,000 தொன்னாக வீழ்ந்தது. எரிபொருளின்மையால் விமானிகளின் பயிற்சி சுருங்கியது. பயிற்சியற்ற விமானிகள் விரைவில் மடிந்தனர். அலுமினியமும், உயர்வெப்பத்தைத் தாங்கும் உருக்கிற்குத் தேவையான நிக்கல் முதலிய உலோகங்களும் அருகின. தாரை விமானங்களுக்கான யூமோ 004 இயந்திரம் இவ்வுலோகங்கள் இல்லாமலே தயாரிக்கப்பட வேண்டியிருந்ததால், சில பத்து மணித்தியாலங்கள்கூட ஓடாது பழுதுற்றது.

இவ்வின்மைகளே விசித்திர வடிவங்களின் பிறப்பிடம் எனலாம். ஹைன்கல் 162 இதற்குத் தக்க உதாரணமாகும். 1944 செப்டெம்பர் முற்பகுதியில் விமான அமைச்சு இதற்கான தேவையை அறிவித்தது. டிசெம்பர் 6ஆம் திகதி முதல் விமானம் பறந்தது. மூன்று மாதத்திற்குள் ஒரு தாரை விமானத்தை உருவாக்கியமை இன்றும் சாதனையாகப் பேசப்படுகின்றது. அதன் சிறகுகள் மரத்தாலானவை. இயந்திரம் முதுகின்மேல் ஏற்றப்பட்டிருந்தது. காண்பவர் வியக்கும் அத்தோற்றம் விரைவிலும் மலிவிலும் கட்டுவதற்கான வழியே ஆகும். மரத்தை ஒட்டுவதற்கேற்ற சிறந்த பசையைத் தயாரித்த வுப்பற்றால் நகரத் தொழிற்சாலை முன்னரே குண்டுவீச்சில் அழிந்துவிட்டது. மாற்றாகப் பயன்பட்ட பசையின் அமிலத்தன்மை மரத்தை அரித்தது. டிசெம்பர் 10ஆம் திகதி அதிகாரிகள் முன்னிலையிற் பறந்தபோது சிறகின் முன்விளிம்பு பிரிந்து விமானம் வீழ்ந்தது. விமானி கொத்தோல்ட் பீற்றர் உயிரிழந்தார்.

இவ்விமானத்திற்கு இட்ட பெயர் ‘மக்கள் வேட்டை விமானம்’ என்பதாகும். எஞ்சினற்ற கிளைடர்களிற் சிறிது காலம் பயின்ற ஹிட்லர் இளைஞர் அணியினரை இதிற் போருக்கு அனுப்பலாம் எனத் திட்டமிடப்பட்டது. வேட்டை விமானப் படைக்குத் தலைமை தாங்கிய அடொல்ஃப் கலான்ட் இத்திட்டத்தை எதிர்த்தார். அவரது எதிர்ப்பு எடுபடவில்லை. அனுபவமிக்க விமானிகளையே திணறவைத்த அவ்விமானம் அச்சிறுவருக்கு எமனாகவே அமைந்திருக்கும். போர் முடிந்தமையால் மட்டுமே அது நிகழாது போயிற்று.

நாற்றர், அதாவது விரியன் பாம்பு எனப் பெயர்பெற்ற பாகெம் 349இன் கதையும் இதுவே. ஓடுபாதைகள் குண்டுவீச்சுக்கு இலக்காகின. ஆகவே ஓடுபாதை வேண்டாத விமானம் வேண்டப்பட்டது. பயின்ற விமானிகள் இல்லை. ஆகவே தரையிறங்கவே தேவையற்ற விமானம் வேண்டப்பட்டது. செங்குத்தான சட்டகமொன்றிலிருந்து ரொக்கெட் விசையால் எழுந்து, மூக்கிலுள்ள ரொக்கெட் குண்டுகளை ஒருமுறை ஏவியபின், விமானி பரசூட் மூலம் குதித்துவிட வேண்டும் என்பது திட்டம். 1945 மார்ச் 1ஆம் திகதி தென்ஜேர்மனியிலுள்ள ஹொய்பேர்க் பயிற்சித் திடலில் மனிதனுடன் நிகழ்ந்த முதற் பரிசோதனையிலேயே விமானி லோதார் சீபர் மாண்டார்.

அலெக்சாண்டர் லிப்பிஷ் வரைந்த முக்கோண வடிவ விமானமொன்று நிலக்கரியையே எரிபொருளாகக் கொள்வதாகத் திட்டமிடப்பட்டது. இன்றைய ஓவியங்களில் எதிர்காலத்திலிருந்து வந்ததுபோற் காட்சிதரும் அவ்விமானம், உண்மையில் எண்ணெய் தீர்ந்துபோன ஓர் அரசு நிலக்கரியை நோக்கித் திரும்பியதன் விளைவாகும். ஆக, முன்னேற்றத்தின் சின்னமெனக் கருதப்படும் இவ்வடிவங்கள் பலவும் ஒரு பொருளாதாரத்தின் சிதைவு எழுதிய கையொப்பங்களே. இதனாற் பொறியியலாளரின் திறமை இல்லையென்றாகிவிடாது. லிப்பிஷின் வடிவமைப்பில் உருவான மெசர்ஷ்மிற் 163 ரொக்கெட் விமானம் 1941 ஒக்ரோபரில் மணிக்கு 1,000 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டியது. ஆனால் அதன் எரிபொருள் ஏழெட்டு நிமிடங்களிலே தீர்ந்துவிடும். கசிந்தால் விமானியின் தசையையே அரிக்கவல்லது. முந்நூறுக்கு மேற்பட்டவை கட்டப்பட்டும் அவை வீழ்த்திய எதிரி விமானங்கள் இருபதையும் எட்டவில்லை.

4

இரண்டாவது வினா இதனினும் முக்கியமானது. மார்க்ஸ் 1867இல் வெளிவந்த ‘மூலதன’த்தின் முதல் அத்தியாயத்திற் பண்டத்தின் மாயத்தன்மையை விளக்குகின்றார். மனிதரிடையேயான உழைப்பு உறவு, பொருள்களுக்கிடையேயான உறவாகத் தோற்றமளிக்கின்றது. பொருள் தனக்கெனவே உயிரும் பண்பும் கொண்டதுபோல் நம்முன் நிற்கின்றது. அதனை ஆக்கிய உழைப்பு கண்ணுக்குப் புலப்படாது மறைகின்றது. விசித்திர விமானங்களைப் பொறுத்தமட்டில் இம்மறைப்பு மிகக் கொடிய வடிவத்தை எய்தியுள்ளது. ஏனெனில், இங்கு மறைவது கூலியுழைப்பு மாத்திரமன்று, அடிமை உழைப்புமாகும்.

வியன்னாவுக்குத் தெற்கே ஹின்டர்புறூல் என்னுமிடத்தில் வெள்ளம் நிரம்பிய பழைய ஜிப்சம் சுரங்கமொன்று உண்டு. 1930களிலே அது உல்லாசப் பயணிகள் படகிற் செல்லும் நிலத்தடி ஏரியாக விளங்கியது. போர்க்காலத்தில் நீர் இறைக்கப்பட்டு, அங்கு ஹைன்கல் 162இன் உடற்பகுதிகள் தயாரிக்கப்பட்டன. தயாரித்தவர்கள் மௌட்ஹௌசன் வதைமுகாமின் கிளைமுகாமொன்றில் அடைக்கப்பட்டிருந்த கைதிகளாவர். 1945 ஏப்ரலிற் செஞ்சேனை நெருங்கியபோது அவர்கள் மௌட்ஹௌசனை நோக்கி நடத்திச் செல்லப்பட்டனர். நடக்க இயலாத நோயாளர்கள் புறப்படுமுன்னரே கொல்லப்பட்டனர். மூன்று மாத ‘சாதனை’யின் மறுபக்கம் இது. போருக்குப் பின்னர் அச்சுரங்கம் மீண்டும் உல்லாசப் பயணிகளுக்குரிய இடமாயிற்று.

மேல் ஒஸ்திரியாவிலுள்ள சங்க்ட் கியோர்கனில் 1944 முதல் குடையப்பட்ட சுரங்கங்களில் மெசர்ஷ்மிற் 262 தாரை விமானத்தின் உடற்பகுதிகள் தொடர்வரிசையில் உற்பத்தியாகின. குடைந்தவர்களும் உற்பத்தி செய்தவர்களும் கூசன் முகாமின் கைதிகள். போலந்தினர், சோவியத் நாட்டவர், ஸ்பானியக் குடியரசுவாதிகள், இத்தாலியர், யூதர் எனப் பல நாட்டவரும் இனத்தவரும் அவர்களுள் அடங்குவர். 1940 முதல் விடுதலை வரை கூசனில் இறந்தோர் தொகை குறைந்தது 35,000 ஆகும். ஹார்ஸ் மலைப்பகுதியிலுள்ள மிற்றல்பௌ-டோறா முகாமின் சுரங்கங்களில் வி-2 ஏவுகணையும், விமானியற்ற பறக்கும் குண்டாகிய வி-1உம், தாரை இயந்திரங்களும் தயாரிக்கப்பட்டன. அங்கு அடைக்கப்பட்ட ஏறத்தாழ 60,000 பேரில் மூன்றிலொரு பங்கினர் மாண்டனர்.

இவ்விடத்து ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். அடிமை உழைப்பு இத்தொழினுட்பத்தோடு தற்செயலாக வந்து ஒட்டிக்கொண்ட கறையன்று. நிலத்தடி உற்பத்தி, சொற்ப காலத்தில் ஆயிரக்கணக்கான விமானங்கள், எளிய பாகங்கள், பயிற்சியற்ற கைகள் என்னும் கணக்கீடுகள் யாவும், எத்தனை பேர் இறந்தாலும் ஈடுசெய்யக்கூடிய உழைப்புப் படை உண்டு என்ற எடுகோளின் மீதே வகுக்கப்பட்டன. வடிவமைப்பாளரின் வரைபடத்திற்குள்ளேயே வதைமுகாம் இடம்பெற்றுவிட்டது எனல் மிகையாகாது.

5

போர் முடிந்தபின் இவ்விமானங்கள் மறுவாழ்வு பெற்றன. லிப்பிஷ் அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அவரது முக்கோணச் சிறகு ஆய்வுகள் அங்கு பயன்கொள்ளப்பட்டன. டோறாச் சுரங்கத்தில் ஏவுகணை உற்பத்தியை இயக்கிய ஆர்தர் றூடொல்ஃப், சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய சற்றேர்ன் 5 ரொக்கெட் திட்டத்தின் முகாமையாளரானார். கைதிகளின் உழைப்பில் அவரது பங்கு பற்றிய விசாரணையை அடுத்தே 1984இல் அவர் அமெரிக்காவை விட்டு நீங்கினார். பொறியியலாளரின் அறிவு கடல்கடந்து பெறுமதி பெற்றது. சுரங்கத்தில் மடிந்தவனின் உழைப்பு எக்கணக்கேட்டிலும் ஏறவில்லை.

ஆர்வலரின் கற்பனையும் இப்பிரிப்பையே தொடர்ந்தது. போர் 1946 வரை நீடித்திருப்பின் இவ்விமானங்கள் என்ன செய்திருக்கும் என்ற ஊகம் தனியொரு படைப்பு வகையாகவே வளர்ந்துள்ளது. வரைபடத்தில் மட்டும் இருந்த விமானங்கள் அவ்வோவியங்களிலே பளபளக்கும் வண்ணத்துடன் மேகங்களிடையே பறக்கின்றன. ஆனால் 1946 வரை போர் நீடித்திருப்பின் கூசனும் டோறாவும் அதுவரை நீடித்திருக்கும் என்பதை எவ்வோவியமும் காட்டுவதில்லை.

ஹோர்ற்றன் சகோதரரின் பறக்கும் சிறகு இக்கற்பனையின் உச்சமாகும். அதன் தாரை இயந்திர மாதிரி 1945 பெப்ரவரி 2ஆம் திகதி முதன்முதலாகப் பறந்து, அம்மாதம் 18ஆம் திகதி வீழ்ந்து விமானி ஏர்வின் சில்லரைப் பலிகொண்டது. பல பத்தாண்டுகளின் பின்னர், ராடரிலிருந்து தப்புவதற்காகப் பசையிற் கரித்தூள் கலக்கத் தாம் எண்ணியிருந்ததாக றைமார் ஹோர்ற்றன் 1983இல் வெளியான நூலிற் கூறினார். இதனால் அது உலகின் முதலாவது ‘மறைவு விமானம்’ என்ற புகழ் பரவியது. ஆயின் எஞ்சியுள்ள விமானத்தை வைத்திருக்கும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நூதனசாலையினரின் ஆய்வு, அத்தகைய கரித்தூளுக்குச் சான்றெதனையும் காணவில்லை. தோற்ற அரசொன்றின் பொறியியலாளர் தம்மைக் காலத்தை முந்திய மேதையாகக் காட்டியபோது, அதனை நம்ப விரும்பியோர் பலர் இருந்தனர் என்பதே இதனாற் பெறப்படும் செய்தி.

6

இவ்விமர்சனம் முதலாளித்துவ, பாசிச நாடுகளுக்கு மட்டும் உரியதென்று கொண்டால் அது நேர்மையாகாது. சோவியத் யூனியனின் தலைசிறந்த விமான வடிவமைப்பாளரான துப்பொலெவ் 1937 ஒக்ரோபரிற் கைதுசெய்யப்பட்டார். பாசிசத்தை முறியடிப்பதிற் பங்குகொண்ட து-2 விமானத்தை அவரும் அவரது தோழரும் உள்துறை ஆணையகத்தின் சிறைக்கூடத்துள் இயங்கிய வரைதல் அலுவலகத்திலேயே உருவாக்கினர். 1941இலேயே அவர் விடுதலையானார். அங்கு நிகழ்ந்தது கூசனில் நிகழ்ந்ததற்கு நிகரானதன்று. இரண்டையும் ஒன்றெனக் காட்டுதல் வரலாற்றுத் திரிபாகும். எனினும், உழைப்போரின் விடுதலையைத் தன் நோக்கமாக அறிவித்த அரசும் சிறைப்பட்ட மூளையின் படைப்பைத் தன் வெற்றியாகக் காட்சிப்படுத்தியது என்பதை மார்க்சியர்கள் மூடிமறைக்க வேண்டியதில்லை. உழைப்பை மறைக்கும் எந்தக் காட்சியும், அது எக்கொடியின் கீழ் நிகழ்ந்தாலும், ஒரே வகையான வினாவுக்கு உட்படவேண்டும்.

ஆகவே விசித்திர விமானங்களில் ஆர்வங்கொள்வது தவறென இக்கட்டுரை வாதிக்கவில்லை. அவ்வார்வம் முழுமையடைய வேண்டுமென்பதே நமது வேண்டுகோள். ஒரு சிறகின் வளைவை விளக்கும் நூல், அச்சிறகை மரத்தாற் செய்யவைத்த தட்டுப்பாட்டையும் விளக்கட்டும். இயந்திரத்தின் உந்துவிசையைக் கிலோகிராமிற் குறிக்கும் அட்டவணை, அதனைப் பொருத்திய முகாமின் பெயரையும் குறிக்கட்டும். நூதனசாலையில் விமானத்தின் அருகே வைக்கப்படும் பலகையில் வடிவமைப்பாளரின் பெயருக்கும் விமானியின் பெயருக்கும் அடுத்தபடியாக, ஹின்டர்புறூலிற் கொல்லப்பட்டோருக்கும் ஒரு வரி ஒதுக்கப்படட்டும். அவர்களுட் பலரின் பெயர்கள் முகாம் பதிவேடுகளில் உள்ளன. அவற்றைத் தேடியெடுத்து எழுதும் பணி தொழினுட்ப வரலாற்றாசிரியனுக்கு உரியதாகும்.