நிப்பொங்கோவும் நம் துணைவினைகளும்

1942ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 11ஆம் நாள் கோலாலம்பூர் ஜப்பானியர் கைப்பட்டது. பின்னர்ப் பள்ளிகள் மீண்டும் திறந்தபோது, பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளிலும் கிள்ளான் தோட்டப்புறங்களிலும் வாழ்ந்த தமிழ்ப் பிள்ளைகள் 'நிப்பொங்கோ' என்னும் ஜப்பானிய மொழியைப் படிக்கலாயினர். ஆண்டுக்கணக்கும் 2602 என மாறிற்று. கத்தகானா எழுத்தும் பாட்டும் கட்டளையுமே பாடம். கற்பித்த ஆசிரியர் பலர் தாமே அப்போதுதான் அம்மொழியைக் கற்றுக்கொண்டிருந்தனர். அக்காலத்து முதியோர் பலர் நினைவில் தங்கியது 'பக்கேரோ' என்னும் வசவு ஒன்றே. அது போகட்டும், அம்மொழியின் வினையமைப்பு தமிழ்ப் பிள்ளைக்கு எத்துணை அண்மையில் இருந்தது என்பதே ஈண்டு நாம் காண விழைவது.

'மொத்தே குரு' என்றால் 'கொண்டு வா'. மொத்தே என்பது நம் வினையெச்சம் போன்றது. குரு என்பது வருதல். 'தபெத்தே மிரு' என்றால் தின்று பார். மிரு என்பதற்குக் கண்ணால் பார்த்தல் என்பதே பொருள். 'கத்தே ஒக்கு' வாங்கி வைத்தல். 'கித்தே இரு' என்பதோ வந்திருத்தலே. அங்கும் 'இரு', இங்கும் 'இரு'. இவ்வொலியொப்புமை வியப்பூட்டுவதாயினும் அதைக்கொண்டு உறவு நாட்டிவிட இயலாது. ஓனோ சுசுமு என்னும் ஜப்பானியப் பேரறிஞர் இரு மொழிக்கும் தொடர்புண்டென நெடுங்காலம் வாதிட்டார். மொழியியலார் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. துணைவினை இந்தியிலும் உண்டு, கொரியத்திலும் உண்டு.

ஜப்பானியக் குழந்தை இவற்றை இலக்கணமாகக் கற்பதில்லை. பொம்மை உடைந்தால் அது 'கொவரெச்சத்தா' என்னும். 'கொவரெத்தே ஷிமத்தா' என்பதன் பேச்சுச் சுருக்கம் அது. நம் வீட்டுக் குழந்தை 'ஒடஞ்சிருச்சு' என்பதும் அவ்வாறே. அதனுள் 'விடு' என்றொரு வினை ஒளிந்திருப்பதை அக்குழந்தை அறியாது. முழுமையாய் ஒட்டிய வடிவமே முதலில் நாவில் ஏறும், பிரித்தறிதல் பின்னரே. எச்சமின்றி இரு வினைகள் ஒட்டும் 'தொபிதசு' (பாய்ந்து வெளிப்படுதல்), 'நொமிகொமு' (விழுங்குதல்) போன்றவை வேறு வகையின. இவற்றுள் 2,700க்கும் மேற்பட்டவற்றை ஜப்பானிய தேசிய மொழி ஆய்வு நிறுவனம் தொகுத்துள்ளது. இவற்றின் நுண்பொருளை அந்நாட்டுப் பிள்ளைகளும் பள்ளிப் பருவத்திலும் சிறிது சிறிதாகவே அறிகின்றனர்.

அங்ஙனமாயின் நம் பிள்ளைகள் 1942இல் கற்றதும் ஒட்டிய வடிவங்களையே எனலாம். கட்டளையாகக் கேட்டனர், கட்டளையாகவே நினைவிற் கொண்டனர். தாய்மொழியோடு ஒப்பிட்டுப் பார்க்க அமைதியும் வயிற்றுக்குச் சோறும் வேண்டுமே! மரவள்ளிக் கிழங்கு தின்று வளர்ந்த ஆண்டுகள் அவை. 1945 ஆகஸ்டில் ஜப்பான் பணிந்ததும் நிப்பொங்கோப் பாடமும் நின்றது.

இடையில் சயாம்–பர்மா இரயில் பாதை வந்தது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பாதோர் மிகப் பலர். தந்தை எங்கே என்று கேட்ட பிள்ளைக்குத் தோட்டத்துத் தாய் சொல்லக்கூடிய விடை ஒன்றுதான்: 'கூட்டிப் போய்விட்டார்கள்'. ஜப்பானிய மொழியில் 'த்சுரெத்தே இத்தே ஷிமத்தா'. கூட்டி, போய், விட்டார்கள் என மூன்று வினைகளும் அதே வரிசையில் நிற்கின்றன.