மணவாளக்குறிச்சி மணலும் அப்பாவின் அம்பாசடரும்

வெளியூரில் இருக்கும் நம்மில் பல பேருக்கு ஊரில் ஒரு பழைய வண்டி நின்றுகொண்டிருக்கும். அப்பாவின் அம்பாசடர், சித்தப்பாவின் பத்மினி, இப்படி ஏதாவது ஒன்று. லீவில் போகும்போது தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவை சரி பண்ணிடணும்" என்போம். பக்கத்தில் நிற்பவர் கட்டாயம் சொல்வார்: "எல்லா பார்ட்ஸுக்கும் பவுடர் கோட்டிங் கொடுத்துடுங்க சார், ஆயுசுக்கும் துரு பிடிக்காது!"

'ஆயுசுக்கும்' என்று கேட்டாலே பி.காம் படித்தவனுக்குக் கொஞ்சம் அலர்ஜி. எங்கள் கணக்கில் தேய்மானம் போடாத சொத்து நிலம் ஒன்றுதான் :-) நான் இப்போது மாற்றலாகி வந்திருக்கும் திருவனந்தபுரத்தில் இந்தக் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது. கொஞ்சம் சரித்திரம் பார்ப்போமா?

கதை ஆரம்பிப்பது கயிற்றில். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நார்க்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அந்த மணல் மணவாளக்குறிச்சி கடற்கரையுடையது. இன்று அது நம் கன்னியாகுமரி மாவட்டம். 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. அவருக்கு வேண்டியது மோனசைட், கேஸ் விளக்கு மேண்டிலுக்காக. கூடவே கிடந்த கறுப்பு மணலான இல்மனைட்டுக்குப் பிறகுதான் மவுசு வந்தது. அதிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி எடுக்கலாம். பெயிண்டுக்குப் பளீர் வெள்ளை கொடுப்பது அதுதான். கறுப்பு மணலுக்குள் வெள்ளை!

மணலைக் கப்பல் ஏற்றுவதை விட இங்கேயே பொடியாக்கலாமே என்று 1946-ல் தொடங்கப்பட்டதுதான் திருவனந்தபுரம் கொச்சுவேளியில் உள்ள டிராவன்கூர் டைட்டானியம் புராடக்ட்ஸ். சர் சி.பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்த காலம் அது. இங்கே சல்ஃபேட் முறையில் தயாராவது 'அனடேஸ்' வகை. 1984-ல் கொல்லம் பக்கம் சவறாவில் கேரளா மினரல்ஸ் அண்ட் மெட்டல்ஸ் நிறுவனம் குளோரைடு முறையில் 'ரூட்டைல்' வகையைச் செய்ய ஆரம்பித்தது.

இரண்டும் ஒரே வேதிப்பொருள், படிக அமைப்புதான் வேறு. வித்தியாசம் வெயிலில் தெரியும். புற ஊதாக் கதிரும் ஈரமும் பட்டால், அனடேஸ் தன்னைச் சுற்றியிருக்கும் பிசினை வேகமாகச் சிதைத்துவிடும். விரலால் தடவினால் சுண்ணாம்பு போல ஒட்டும். அதனால் வெளியே நிற்கும் பொருளுக்கு ரூட்டைல், உள்வேலைக்கு அனடேஸ். வெள்ளை, கிரீம் போன்ற வெளிர் நிறப் பவுடர் கோட்டிங்கிலும் இதே பொடிதான் சேருகிறது.

பவுடர் கோட்டிங்கின் சரித்திரமும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. 1950களில் ஜெர்மனியில் எர்வின் கெம்மர், காற்றில் மிதக்கும் பிளாஸ்டிக் பொடிக்குள் சூடான இரும்பை முக்கியெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1960களில் பொடிக்கு மின்னேற்றம் கொடுத்துத் தெளிக்கும் துப்பாக்கி வந்தது. தின்னர் வாடை கிடையாது. 180 முதல் 200 டிகிரியில் சுட்டால் பொடி உருகி ஒரே தோலாகிவிடும். முதலில் வந்த எபாக்ஸி பொடி ஆயிலையும் கெமிக்கலையும் தாங்கியது, வெயிலில் வெளுத்தது. பிறகு வந்த பாலியெஸ்டர்தான் வெயிலைத் தாங்கியது.

சரி, நம் அம்பாசடருக்கு வருவோம். இந்தத் தோலின் பலம்தான் அதன் பலவீனமும். கல் பட்டு ஓரிடத்தில் பெயர்ந்தால் உப்புக்காற்றின் ஈரம் அடியில் புகுந்து துரு பரவும். மேலே பளபளப்பு அப்படியே இருக்கும். பார்க்க நல்ல லோன் அக்கவுண்ட், உள்ளே வாராக்கடன்!

அதனால் பட்டறையில் நாலு விஷயம் கேளுங்கள். எந்தப் பொடி? வெயில் படும் பாகத்துக்கு பாலியெஸ்டர். கடலோர ஊரென்றால் அடியில் எபாக்ஸி பிரைமரும் வேண்டும். துருவை முழுசாக எடுத்து பாஸ்பேட் பூச்சு கொடுக்கிறார்களா? வீல் ரிம்மில் நட் உட்காரும் இடத்தை மறைத்துவிட்டுப் பூசுகிறார்களா? அங்கே தடிப்பாக ஏறினால் நட் தளர்ந்துவிடும். சேஸிஸ் நம்பரை மூடாமல் விடுகிறார்களா? ஆர்.சி. புக்கில் உள்ள நம்பர் வண்டியில் தெரியாவிட்டால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

ரிம், பிராக்கெட், பம்பர் தாங்கிகளுக்கு இது அருமையான பூச்சு. ரப்பர் புஷ்ஷைக் கழற்றிவிட்டுத்தான் அடுப்பில் வைக்க வேண்டும். பட்டி போட்ட கதவு, மட்கார்டுக்குச் சாதா பெயிண்டே நல்லது, சாதாரண பட்டி அந்தச் சூட்டைத் தாங்காது.

இன்னொன்று. பூச்சுக்குப் பட்ஜெட் போடும்போதே, மாதம் ஒருமுறை வண்டியைக் கழுவித் துடைத்து, எங்காவது பெயர்ந்திருக்கிறதா என்று பார்க்க ஊரில் ஓர் ஆளுக்கும் சேர்த்துப் போடுங்கள். நாம் பக்கத்தில் இல்லாத குறையை எந்தப் பொடியும் தீர்க்காது.