ஹடில்ஸ்டன் தோட்டம், அடையாறு

ஹடில்ஸ்டன் தோட்டம் என்பது சென்னையில் அடையாறு கடலில் கலக்கும் கழிமுகத்தின் தென்கரையில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஒருவரின் பெயரால் வழங்கிவந்த தோட்ட மாளிகையாகும். பிரம்மஞான சபையின் உலகத் தலைமையகம் 1882 முதல் இங்கு இயங்கிவருகிறது. தமிழகத்தில் ஆற்றங்கரை பெரும்பாலும் கோயிலுக்கும் படித்துறைக்குமே உரியது. ஆற்றை நோக்கி வீடமைத்துச் சுற்றிலும் தோட்டம் வளர்க்கும் வழக்கம், புனித ஜார்ஜ் கோட்டையின் நெருக்கடியிலிருந்து வெளியேறிய கம்பெனி அதிகாரிகளால் பதினெட்டாம் நூற்றாண்டில் பரவியது. அடையாற்றின் எதிர்க்கரையில் ஜேம்ஸ் பிரோடி கட்டியதும், பின்னர் அரசு இசைக் கல்லூரியானதுமான பிரோடி மாளிகையும் இவ்வகையே.

இத்தகைய வீடுகளில், பருத்த தூண்கள் தாங்கும் அகன்ற தாழ்வாரம் வெயிலைத் தடுத்து, கடற்காற்றை உள்ளறைகளுக்கு விட்டது. தேக்கு உத்தரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்தி, சுண்ணாம்புக் காரையால் பிணைத்து எழுப்பும் தட்டையான கூரை ‘மெட்ராஸ் தளம்’ எனப்பட்டது. சுவர்களும் தூண்களும், கிளிஞ்சல் சுண்ணாம்புடன் முட்டை வெண்கரு, தயிர் முதலியவற்றைச் சேர்த்து அரைத்த சாந்தால் பூசப்பட்டுப் பளிங்குபோல் இழைக்கப்பட்டன. இவ்வீடுகளை ஐரோப்பியக் கட்டடக்கலை என்று வகைப்படுத்துவது பாதி உண்மையே. தூணின் வடிவம் கடல்கடந்து வந்ததாயினும், பொருளும் கைத்திறனும் உள்ளூர்க் கொத்தனாருடையவை.

பிரம்மஞான சபையின் நிறுவனர்களான ஆல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் 1882இல் வாங்கியபோது ஹடில்ஸ்டன் தோட்டம் 27 ஏக்கர் அளவினது. 1886இல் ஆல்காட் இங்கு அடையாறு நூலகத்தை நிறுவினார். 1907இல் சபையின் தலைவரான அன்னி பெசன்ட் காலத்தில் அண்டைத் தோட்டங்களும் சேர்ந்து, வளாகம் 250 ஏக்கருக்கு மேல் விரிந்தது. பல சமயங்களின் வழிபாட்டிடங்கள் மரங்களுக்கிடையே தனித்தனியே அமைந்துள்ளன. புத்தர் கோயிலின் முன் தாமரைக் குளம் உண்டு. இருப்பினும், இத்தோட்டத்தின் தலைசிறந்த கட்டுமானம் மனிதர் எழுப்பியதன்று. இங்குள்ள பழைய ஆலமரம், மண்ணைத் தொட்டு வேரூன்றித் தூணாகத் தடித்த விழுதுகளால் ஒரு மண்டபம்போல் பரந்து, தன் நிழலில் பெருங்கூட்டங்கள் நடக்கவும் இடமளித்தது. அதன் அடிமரம் 1989இல் புயற்காற்றில் சாய்ந்தது. விழுதுகள் தாங்க, மரம் இன்றும் நிற்கிறது.