முட்டுக்காடு கப்பலில் ராத்திரி சாப்பாடு: ஏறும் முன் தெரிஞ்சுக்கோங்க!

கிழக்கு கடற்கரை சாலை முட்டுக்காட்டில் விடப்பட்டுள்ள 2 அடுக்கு மிதவை உணவக கப்பலில் குடும்பத்தோடு போக ஆசையா? கடலுக்குள்ள கூட்டிட்டு போவாங்கன்னு நினைக்காதீங்க. பாலத்துக்கு மேற்கே, உப்பங்கழியில்தான் சுத்தி வரும். அதுவும் நல்லதுக்குத்தான். நம்ம வங்கக்கடலில் சூரியன் உதிக்கும், மறையாது. கழியில்தான் தண்ணிக்கு மேல சூரியன் இறங்குறதை பார்க்க முடியும்.

கப்பல் 125 அடி நீளம், 25 அடி அகலம். கீழ்தளம் ஏ.சி., மேல்தளம் திறந்தவெளி. வேடிக்கை பார்க்க மேல்தளம்தான் சரி. நவம்பர் கடைசியில் சாயங்காலம் 5.40 வாக்கில் சூரியன் மறைஞ்சிடும். ஜூன் கடைசியில் 6.35 தாண்டும். அப்புறம் அரை மணி நேரத்தில் கும்மிருட்டு. அதனால டிக்கெட் எடுக்கும்போதே எத்தனை மணிக்கு கிளம்பும்னு கேளுங்க. இல்லாட்டி சாப்பாடு மட்டும்தான் மிச்சம்.

முக்கியமா ஒண்ணு. 2023 மே 7-ந்தேதி கேரள மாநிலம் தானூரில் சாயங்கால சவாரி போன படகு கவிழ்ந்து 22 பேர் பலியானார்கள். பலர் குழந்தைகள். அளவுக்கு மீறி ஆள் ஏத்தியிருந்தாங்க. எந்த ஊர் படகா இருந்தாலும் கூட்டம் நெரிஞ்சா இறங்கிடுங்க, காசு போனா போகட்டும். லைப் ஜாக்கெட் எங்கே இருக்கு, பிள்ளைகளுக்கு சின்ன சைஸ் இருக்கான்னு ஏறினதுமே கேட்டுடுங்க.