விதைப்புக்கு முன் மண்ணின் ஈரம்: அமெரிக்கப் பெருஞ்சமவெளியில் ஒரு கணக்கின் வரலாறு

அமெரிக்காவின் வடக்குப் பெருஞ்சமவெளியில், குறிப்பாக மொன்டானாவிலும் வடக்கு டகோட்டாவின் மேற்குப் பகுதியிலும், வசந்தகாலக் கோதுமையின் விதைப்பு ஏப்ரலில் தொடங்கி மே நடுவில் பெரும்பாலும் முடிந்துவிடும். ஆண்டு மழை பல இடங்களில் 10 முதல் 15 அங்குலம்தான். அதிலும் பெரும்பங்கு மே, ஜூன் மாதங்களில், விதை மண்ணுக்குள் போன பிறகே பெய்கிறது. விதைப்பதா தரிசாக விடுவதா, கோதுமையா அதைவிடக் குறைந்த நீரில் விளையும் வேறு பயிரா என்று முடிவெடுக்கும் நாளில் விவசாயிக்கு உறுதியாகத் தெரியக்கூடியது ஒன்றுதான்: முந்தைய அறுவடைக்குப் பிறகு பெய்த மழையையும் உருகிய பனியையும் மண் எவ்வளவு ஆழத்துக்குப் பிடித்து வைத்திருக்கிறது என்பது. இவ்வளவு தெளிவான விஷயம் விதைப்பு முடிவின் அடிப்படையாக ஏற்கப்பட ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அறிவியல் மெதுவாக வளர்ந்ததே இதற்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அந்த விளக்கம் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். தேவையான அளவீடு 1930களிலேயே கிடைத்துவிட்டது. அதன்படி நடக்க விவசாயிக்கு இடம் கொடுக்காத சட்டங்களும் கடன் முறையும் காப்பீட்டு விதிகளுமே மீதித் தாமதத்துக்குப் பெரும் பொறுப்பு.

குடியேற்றக் காலத்தில் கணக்கு வானத்தைப் பார்த்தே போடப்பட்டது. 1862ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. ஈரப்பதம் மிகுந்த கிழக்கு மாநிலங்களுக்குப் பொருந்திய அந்த அளவு, 100ஆம் தீர்க்கரேகைக்கு மேற்கே பொருந்தாது என்பதை ஜான் வெஸ்லி பவெல் 1878இல் வெளியிட்ட அறிக்கை தெளிவாகவே எச்சரித்தது. ஆண்டுக்கு 20 அங்குலத்துக்குக் குறைவாக மழை பெறும் நிலத்தில் பாசனமின்றி வேளாண்மையை நம்பியிருக்க முடியாது என்றார் அவர். மேய்ச்சல் நிலங்களை 2,560 ஏக்கர் அளவில் கொடுக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தார். ஆனால் அந்த ஆண்டுகளில் மழை நன்றாகப் பெய்துகொண்டிருந்தது. நெப்ராஸ்காவில் பேராசிரியராக இருந்த சாமுவேல் ஆகி, உழுத மண் கூடுதல் நீரை உறிஞ்சி மெல்ல மெல்லக் காற்றுக்குத் திருப்பித் தருவதால் மழை பெருகும் என்று எழுதினார். சார்ல்ஸ் டேனா வில்பர் 1881இல் இதையே ஏர் போகும் வழியில் மழை வரும் என்ற முழக்கமாக்கினார். ரயில்வே நிறுவனங்களுக்கும் நில வணிகர்களுக்கும் இதைவிடச் சாதகமான கருத்து வேறு இருந்திருக்க முடியாது. 1890களின் முற்பாதியில் வந்த வறட்சி, முக்கியமாக 1894ஆம் ஆண்டு வறட்சி, மேற்கு நெப்ராஸ்காவிலும் கன்சாசிலும் குடியேறியவர்களைக் கூட்டம் கூட்டமாகத் திருப்பி அனுப்பியது.

அடுத்து வந்த கொள்கை பார்வையை வானத்திலிருந்து மண்ணுக்குத் திருப்பியது. அந்த அளவில் அது முன்னேற்றமே. தெற்கு டகோட்டாவின் ஹார்டி வெப்ஸ்டர் கேம்பெல், அடிமண்ணை இறுக்கி, ஒவ்வொரு மழைக்குப் பின்னும் மேல்மண்ணைப் பொடியாக்கிப் புழுதிப் போர்வை அமைத்தால் ஈரம் ஆவியாகாமல் காக்கலாம் என்றார். 1902இலிருந்து அவர் வெளியிட்ட கையேடுகள் பரவலாக வாசிக்கப்பட்டன. 1907இல் டென்வரில் மானாவாரி வேளாண்மை மாநாடே கூடியது. இரண்டு ஆண்டுகளில் அரசு 320 ஏக்கர் கொடுக்கும் விரிவாக்கப்பட்ட குடியேற்றச் சட்டத்தை இயற்றியது. ஆனால் கேம்பெலின் முறையில் ஒரு அடிப்படைப் பிழை இருந்தது. நிலத்தடி நீர் அருகில் உள்ள ஈரநாட்டில் நீர் நுண்துளைகள் வழியே மேலே ஏறுவதைப் புழுதி தடுக்கும். பெருஞ்சமவெளியிலோ நிலத்தடி நீர் வெகு ஆழத்தில் கிடக்கிறது. மழை நின்ற அடுத்த சில நாட்களிலேயே, உழுவதற்கு மண் பதப்படும் முன்பே, மேல்மண் ஈரம் பெருமளவு போய்விடுகிறது. பிறகு போடும் புழுதிக்குக் காப்பாற்ற எஞ்சியிருப்பது குறைவு. காற்றுக்கு மண்ணை எளிதாக்கிக் கொடுத்ததே மிச்சம். அமெரிக்க வேளாண் துறையின் மானாவாரிப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய ஈ. சி. சில்காட், எல்லா நிலத்துக்கும் பொருந்தும் ஒரே முறை கிடையாது என்று வலியுறுத்தி வந்தார். 1917 முதல் மொன்டானாவில் தொடர்ந்த வறட்சியில் ஏறத்தாழ 11,000 பண்ணைகள் கைவிடப்பட்டன. மாநிலத்தின் வங்கிகளில் பாதிக்கு மேல் மூடப்பட்டன.

இந்தத் தோல்விகளுக்கு நடுவே சில்காட்டின் பிரிவும் மாநில ஆய்வு நிலையங்களும் பொறுமையாக ஒரு வேலையைச் செய்துவந்தன. கன்சாசில் ஹேஸ், கொலராடோவில் ஆக்ரன், வடக்கு டகோட்டாவில் மாண்டன், மொன்டானாவில் ஹாவர் போன்ற இடங்களில் விதைப்பின்போதும் அறுவடையின்போதும் துளைக்கருவியால் மண்ணை அடி அடியாக எடுத்து, எடைபோட்டு, அடுப்பில் உலர்த்தி, மீண்டும் எடைபோட்டார்கள். கவர்ச்சி எதுவும் இல்லாத வேலை. இப்படிச் சேர்ந்த பல ஆண்டுப் பதிவுகளை வைத்து ஹால்ஸ்டெட்டும் மாத்யூசும் 1936இல் குளிர்காலக் கோதுமைக்கும், கோலும் மாத்யூசும் 1940இல் வசந்தகாலக் கோதுமைக்கும் விதைப்பு நேரத்தில் மண் நனைந்திருக்கும் ஆழத்துக்கும் விளைச்சலுக்கும் உள்ள உறவை வெளியிட்டார்கள். ஓர் அடியோ அதற்குக் குறைவாகவோ நனைந்த மண்ணில் விதைத்த பயிர் அடிக்கடி பொய்த்தது. மூன்று அடி நனைந்திருந்தால் பொய்ப்பது அரிதானது. இதன் பெரிய சிறப்பு, ஆய்வகம் இல்லாமலே பயன்படக்கூடிய அளவு அது என்பதுதான். மணற்பாங்கான மண் ஓர் அடி ஆழத்தில் பயிருக்கு எட்டும் நீராக ஏறத்தாழ 1 அங்குலத்தையும், களிப்பாங்கான வண்டல் சுமார் 2 அங்குலத்தையும் பிடித்து வைக்கும். ஆழம் தெரிந்தால் கையிருப்பு நீர் தெரிந்துவிடும். கோதுமை முதல் மணியைத் தருவதற்கே நான்கு அங்குலத்துக்கு மேல் நீர் கேட்கும் என்பதால், மண்ணில் உள்ள ஓரிரு அங்குல வேறுபாடு பயிருக்கும் பதருக்கும் இடையிலான வேறுபாடாகிவிடுகிறது.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழும். விதைத்த பின் பெய்யும் மழையே விளைச்சலைப் பெரிதும் தீர்மானிக்கிறது. மூன்று அடி ஈரத்தில் விதைத்த பயிரும் ஜூனில் மழையின்றி வாடியிருக்கிறது, ஓர் அடி ஈரத்தில் விதைத்ததும் நல்ல மழையால் பிழைத்திருக்கிறது. இது உண்மை. ஆனால் அறுவடைக்குப் பின் விளைச்சலை எது விளக்குகிறது என்பது ஒரு கேள்வி. விதைப்புக்கு முன் முடிவை எது வழிநடத்த முடியும் என்பது வேறு கேள்வி. ஜூன் மழை முதல் கேள்விக்குப் பதில் தரும், இரண்டாவதற்குத் தராது. ஏப்ரலில் அது யாருக்கும் தெரியாது. ஆய்வு நிலையங்கள் சொன்னது விளைச்சல் இத்தனை வரும் என்ற ஆரூடம் அல்ல, பொய்க்கும் வாய்ப்பு இத்தனை என்ற மதிப்பீடு. கடனில் விதை வாங்கும் ஒருவருக்குத் தேவைப்படுவதும் அதுவே.

அப்படியானால் 1940க்குப் பின் விவசாயிகள் ஏன் அந்த ஆழத்தைப் பார்த்து முடிவெடுக்கவில்லை? 1935 ஏப்ரல் 14ஆம் நாளின் கருஞ்ஞாயிறுப் புழுதிப் புயலும், அதே மாதம் 27ஆம் தேதி நிறைவேறிய மண்வளப் பாதுகாப்புச் சட்டமும் மண்ணை நாட்டின் கவலையாக்கின என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே பத்தாண்டில் உருவான பண்ணைத் திட்டங்கள் ஒவ்வொரு பண்ணைக்கும் கோதுமைக்கான ஏக்கரை ஒதுக்கின. அந்த ஒதுக்கீடு கடந்தகாலச் சாகுபடியைப் பொறுத்தது. ஈரம் போதாத ஆண்டில் கோதுமையை விட்டு வேறு பயிர் போட்டவர் எதிர்கால உரிமையைக் குறைத்துக்கொள்ளும் அபாயத்தில் இருந்தார். ஆகவே மண் என்ன சொன்னாலும் பாதி நிலத்தில் கோதுமை, பாதியில் தரிசு என்ற நிலையான சுழற்சியே பாதுகாப்பாயிற்று. வங்கியும் அந்தச் சுழற்சியையே விரும்பியது. இதை விவசாயிகளின் பிடிவாதம் என்று எழுதியவர்கள் அவர்கள் முன் இருந்த கணக்கைப் பார்க்கத் தவறினார்கள்.

தரிசே போதுமான காப்பீடு அல்லவா என்று கேட்கலாம். வசந்தகாலக் கோதுமைக்கான தரிசு, ஓர் அறுவடைக்கும் மறு விதைப்புக்கும் இடையே ஏறக்குறைய 20 மாதங்கள் நீளும். தரிசுக் காலத்தில் பெய்யும் நீரில் புழுதிமுறையில் ஐந்தில் ஒரு பங்குகூட மண்ணில் தங்கவில்லை என்பதை ஆக்ரன் நிலையப் பதிவுகள் காட்டுகின்றன. அரிதாளை நிலத்திலேயே விட்டு, உழவைக் குறைத்து, களைக்கொல்லியைப் பயன்படுத்திய பின் அது 40 சதவீதம் வரை உயர்ந்தது. நிற்கும் அரிதாள் பனியைப் பிடித்து வைப்பதால் முதல் குளிர்காலத்திலேயே பெரும்பகுதி நீர் சேர்ந்துவிடுகிறது. அடுத்த கோடை முழுவதும் நிலத்தைச் சும்மா வைப்பதில் கூடும் ஈரம் மிகக் குறைவு. இன்னொரு தீங்கு பிறகுதான் தெரிந்தது. பயிர் எடுக்காத உபரி நீர் வேர் மட்டத்துக்குக் கீழே இறங்கி, உப்பைக் கரைத்துக்கொண்டு, சரிவின் தாழ்ந்த இடங்களில் வெளியே கசிந்தது. 1960களிலும் 70களிலும் மொன்டானாவின் ஹைவுட் மேட்டுநிலம் போன்ற இடங்களில் நல்ல கோதுமை வயல்கள் வெண்மையாக உப்புப் பூத்தன. வறட்சிக்குப் பயந்து சேமித்த நீரே நிலத்தைக் கெடுத்தது. இதற்கு விடையாகவே நெகிழ்பயிர் முறை முன்வைக்கப்பட்டது: வசந்தத்தில் ஈர ஆழத்தை அளந்து, போதுமானால் விதை, போதாவிட்டால் மட்டும் தரிசு விடு. மொன்டானாவில் பணியாற்றிய பால் பிரவுனின் பெயரால் வழங்கும் துழாவுகோல் இதற்குக் கருவியாயிற்று. நுனியில் குண்டு பொருத்திய எஃகுக் கம்பி அது; ஈரமண்ணில் இறங்கும், உலர்மண்ணில் நின்றுவிடும். அரை நூற்றாண்டுக்கு முன் அடுப்பில் உலர்த்தி அறிந்ததை இப்போது விவசாயி வயலிலேயே சில நிமிடங்களில் அறிய முடிந்தது.

மாற்றத்துக்கு உழாச் சாகுபடியும் களைக்கொல்லியுமே காரணம், சட்டங்களுக்கு இதில் பங்கில்லை என்று சொல்பவர்கள் உண்டு. தொழில்நுட்பத்தின் பங்கு பெரிது. அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. கிளைபோசேட் 1974இலேயே சந்தைக்கு வந்தது, அதன் விலை பிறகு குறைந்ததும் உதவியது. ஆனால் மண்ணில் சேர்ந்த கூடுதல் ஈரத்தைக் கோதுமை தவிர வேறு எதற்காவது பயன்படுத்தும் சுதந்திரம் இல்லையென்றால் அந்தத் தொழில்நுட்பம் முழுப் பலன் தராது. 1996ஆம் ஆண்டின் பண்ணைச் சட்டம் மானியத்தைக் குறிப்பிட்ட பயிரிலிருந்து பிரித்த பின்னரே பட்டாணியும் மசூரும் மொன்டானாவின் தரிசு நிலங்களில் பரவலாக இடம்பிடித்தன. இன்று அம்மாநிலம் அமெரிக்காவின் முன்னணிப் பருப்பு விளைநிலங்களில் ஒன்று. பட்டாணி ஆழமாக வேரூன்றாமல், சீக்கிரம் முதிர்ந்து, அடுத்த கோதுமைக்கு அடிமண் ஈரத்தை ஓரளவு விட்டுச்செல்கிறது. எந்த வயலில் எவ்வளவு ஆழம் நனைந்திருக்கிறது என்ற அறிவு அப்போதுதான் பணமாக மாறியது.

பருவநிலை முன்கணிப்பு வளர்ந்துவிட்ட காலத்தில் துழாவுகோல் பழையது என்ற எண்ணத்தை 2017 திருத்தியது. அந்த வசந்தத்தில் பெரிய வறட்சிக்கான முன்னறிவிப்பு இருக்கவில்லை. மே மாதத்துக்குப் பின் மொன்டானாவின் கிழக்கும் டகோட்டாக்களும் சில வாரங்களில் காய்ந்தன; அமெரிக்காவில் வேளாண் இழப்பு மட்டும் 260 கோடி டாலரை எட்டியது. 2015இல் ஏவப்பட்ட ஸ்மாப் செயற்கைக்கோள் மேல்மண்ணின் 5 சென்டிமீட்டர் ஈரத்தையே நேரடியாக அளக்கிறது. விதைப்பு முடிவு நிற்பதோ மூன்று அடி ஆழத்தில். எனவே வயல்களில் பல ஆழங்களில் உணரிகளைப் பதிக்கும் நிலையங்களே இப்போது தேவைப்படுகின்றன, மேல் மிசௌரிப் படுகையில் அவை அமைக்கப்பட்டும் வருகின்றன.

காப்பீடு மட்டும் இன்னும் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது. 1938இல் கூட்டாட்சிப் பயிர்க் காப்பீடு கோதுமைக்காகவே தொடங்கப்பட்டது. மண் வறண்ட ஆண்டில் மட்டும் விவசாயிகள் காப்பீடு வாங்கினால் நிதி தாங்காது என்ற அச்சம் தொடக்கத்திலிருந்தே உண்டு. வசந்தகாலப் பயிர்களுக்கான கடைசி நாள் மார்ச் 15 என்று வைத்திருப்பது அதனால்தான்: வடக்குச் சமவெளியில் அப்போது மண் பெரும்பாலும் உறைந்திருக்கும், ஈர ஆழத்தை யாரும் அளக்க முடியாது. விவசாயி மட்டும் அறிந்த ரகசியமாக ஈரம் இருந்தவரை இந்த ஏற்பாட்டுக்கு நியாயம் இருந்தது. பொது நிலையங்கள் மாவட்டம்தோறும் ஈரத்தை அளந்து வெளியிடும் இடங்களில் அந்த நியாயம் நிற்காது. முந்தைய இலையுதிர்காலத்தின் இறுதியில் பதிவான ஈரத்தையாவது காப்பீட்டுக் கட்டணத்தோடு இணைக்க வேண்டும். அப்போது வறண்ட மண்ணில் விதைக்க விதி தூண்டாது.